அப்பா பீரோவில் இருந்த 100 ஷேர்: மணலி, எண்ணூர் கதையில் தனியார்மயம் படிக்கலாம் வாங்க



திருவொற்றியூர்ல இருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பியிருந்தார். ஓரம் மடங்கி, மஞ்சள் பூத்துப்போன ஒரு காகிதம். மேலே "மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட்"னு அச்சு, கீழே 100 பங்குகள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"அண்ணா, வீடு மாத்தும்போது அப்பா பீரோல கிடைச்சுது. 94-ல 8,000 ரூபாய் கட்டி வாங்கினாராம். கவர்மெண்ட் எல்லா கம்பெனியையும் விக்கப் போகுது, தனியார்மயம் ஆனா ஷேர் பறக்கும்னு எங்க ஆபீஸ்ல ஒரே பேச்சு. தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு ஒரு லட்சம் எடுத்து வெச்சிருக்கேன். அதையும் இந்த மாதிரி ஷேர்ல போட்டுடவா?"

மாசம் முப்பதாயிரம் சம்பளம் வாங்குற பையன். ஒரு லட்சம் சேர்க்க அவருக்கு எத்தனை மாசம் ஆகியிருக்கும்னு நமக்குத் தெரியும். அதனால ரெண்டு வரியில பதில் சொல்லி முடிக்க மனசு வரல. "வாங்கு, வாங்காதே"னு டிப்ஸும் நான் கொடுக்கிறதில்ல. ஆனா அந்த ஒரே ஒரு காகிதத்துக்குள்ள இந்தியாவோட 30 வருஷ தனியார்மயக் கதை மொத்தமும் இருக்கு. அதைப் பிரிச்சுப் பார்த்தா, அடுத்த முறை "அரசு பங்கு விற்பனை"ன்னு செய்தி வரும்போது எதைக் கேட்கணும்னு தெரிஞ்சுடும்.

ஒரே கம்பெனி, மூணு விற்பனை

மணலியில இருக்கிற ரிஃபைனரி 1965-ல ஆரம்பிச்ச கம்பெனி. இந்திய அரசு 74%, அமெரிக்காவோட அமோகோ 13%, இரானோட தேசிய எண்ணெய் நிறுவனம் 13%. அமெரிக்காவும் இரானும் ஒரே போர்டு மீட்டிங்ல பக்கத்து பக்கத்து நாற்காலியில உட்கார்ந்த காலம் அது. 1985-ல அமோகோ வெளியே போயிடுச்சு. இரான் இன்னைக்கு வரைக்கும் போகல. அவங்க துணை நிறுவனம் மூலமா 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல வெச்சிருக்காங்க.

1991 வந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து, தங்கத்தை அடமானம் வெச்சு நாடு தப்பிச்ச வருஷம். அதே வருஷக் கடைசியில சோவியத் யூனியனே கலைஞ்சு போச்சு. அங்கேயும் இங்கேயும் ஒரே கேள்வி: அரசு கையில இருக்கிற கம்பெனிகளை என்ன செய்யறது? இந்தியா எடுத்த வழி மெதுவானது. கம்பெனியை விக்காம, கம்பெனியோட கொஞ்சம் ஷேரை மட்டும் விக்கிறது. "பங்கு விலக்கல்"னு பேப்பர்ல வர்ற வார்த்தை அப்போதான் பழக்கத்துக்கு வந்தது.

மெட்ராஸ் ரிஃபைனரீஸ்ல முதல் விற்பனை 1992 மே மாசம். அரசு தன் கையில இருந்த பங்குல இருந்து சுமார் 17 சதவீதத்தை யூனிட் டிரஸ்ட், மியூச்சுவல் ஃபண்டுகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், பேங்குகளுக்குக் கொடுத்தது. அந்தப் பணம் எங்கே போச்சு? அரசு கஜானாவுக்கு. கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூட வரல.

ரெண்டாவது 1994. இது வேற மாதிரி. கம்பெனியே புதுசா ஷேர் வெளியிட்டுப் பொதுமக்கள்கிட்ட பணம் திரட்டினது. 10 ரூபாய் முகமதிப்பு, 70 ரூபாய் பிரீமியம், ஆக மொத்தம் 80 ரூபாய். வந்த விண்ணப்பம் 27 மடங்கு! 90,000-க்கும் மேல புதுப் பங்குதாரர்கள் சேர்ந்தாங்க. அவங்கள்ல ஒருத்தர்தான் நம்ம தம்பியோட அப்பா. மணலி பக்கம் காண்ட்ராக்டர்கிட்ட ஃபிட்டரா இருந்தவர். தினமும் பார்க்கிற புகைபோக்கியில நமக்கும் ஒரு பங்கு இருக்கட்டுமேன்னு வாங்கியிருக்கார். அவர் கட்டின 8,000 ரூபாய் கம்பெனிக்குப் போச்சு.

இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. இன்னைக்கு ஐபிஓ விண்ணப்பத்துலயும் இதுதான் முதல்ல பார்க்க வேண்டியது. "ஃப்ரெஷ் இஷ்யூ"ன்னா பணம் கம்பெனிக்குப் போகும், தொழில் வளரப் பயன்படலாம். "ஆஃபர் ஃபார் சேல்"னா ஏற்கெனவே ஷேர் வெச்சிருக்கிறவர் தன் பையை நிரப்பிக்கிறார். அது தப்பில்ல. ஆனா நீங்க கொடுக்கிற காசு கம்பெனிக்குள்ள போகாது. உதாரணத்துக்கு 2022-ல வந்த எல்ஐசி ஐபிஓ முழுக்க முழுக்க ரெண்டாவது வகை.

மூணாவது விற்பனைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2000-01 நிதியாண்டு. கம்பெனிக்குச் சென்னை பெட்ரோலியம்னு பேர் மாறியிருந்த சமயம். அரசு தன்கிட்ட மிச்சம் இருந்த 51 சதவீதத்துக்கு மேற்பட்ட பங்கையும் மொத்தமா வித்துடுச்சு. யாருக்கு? இந்தியன் ஆயிலுக்கு. அதுவும் அரசு கம்பெனிதான்! விலை சுமார் 509 கோடி. மொத்தம் 14.9 கோடிக்குக் கொஞ்சம் கம்மியான ஷேர், அதுல 51.8%னு கணக்கு போட்டா ஒரு ஷேர் சுமார் 66 ரூபாய்.

கவனிச்சீங்களா? 94-ல ஃபிட்டர் 80 ரூபாய் கொடுத்தார். ஆறேழு வருஷம் கழிச்சு, கம்பெனியையே கட்டுப்படுத்துற அளவுக்கு வாங்கின இந்தியன் ஆயில் 66 ரூபாய் கொடுத்தது.

இந்தப் பாக்கெட், அந்தப் பாக்கெட்

2000-01-ல பங்கு விலக்கல் மூலமா 10,000 கோடி திரட்டணும்னு அரசு இலக்கு வெச்சிருந்தது. வந்தது சுமார் 1,870 கோடி. அதுலயும் 1,317 கோடி, சென்னை பெட்ரோலியம், கொச்சி, பொங்கைகாவ் ஆகிய மூணு ரிஃபைனரிகளை இந்தியன் ஆயிலும் பாரத் பெட்ரோலியமும் வாங்கினதுல வந்தது. அரசு கம்பெனி காசு கொடுத்தது, அரசு கம்பெனியை வாங்கியது, அரசு கணக்குல "விற்பனை வருமானம்"னு ஏறியது. வீட்டுக்காரர் வண்டியை மனைவி பேர்ல மாத்திட்டு, "வண்டியை வித்து 50,000 சம்பாதிச்சேன்"னு சொல்ற மாதிரி.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. மணலியில இருந்து வடக்கே எண்ணூர் போங்க. காமராஜர் துறைமுகம் வரும். சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியைக் கையாள்றதால வர்ற நெருக்கடியைக் குறைக்க, அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கக் கட்டின துறைமுகம். 1999-ல எண்ணூர் போர்ட் லிமிடெட்னு கம்பெனியாவே பதிவு பண்ணி, 2001-ல செயல்பாட்டுக்கு வந்தது. நாட்டோட பெரிய துறைமுகங்கள்ல கம்பெனி சட்டத்துல பதிவான முதல் துறைமுகம் இதுதான். மத்திய அரசுக்கு மூணுல ரெண்டு பங்கு, சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு பங்கு.

2020 மார்ச் 27. ஊரடங்கு ஆரம்பிச்சு மூணாவது நாள். நிதியாண்டு முடிய நாலே நாள் பாக்கி. மத்திய அரசு தன் பங்கை 2,383 கோடிக்கு வித்ததா செய்தி வந்தது. வாங்கினது யார்? சென்னைத் துறைமுகம்! அதே சமயத்துல டிஹெச்டிசி, நீப்கோங்கிற ரெண்டு மின் நிறுவனங்களை என்டிபிசி 11,500 கோடிக்கு வாங்கினது. இதுவும் அரசு நிறுவனம் அரசு நிறுவனத்தை வாங்கின கதைதான். அந்த வருஷம் பங்கு விலக்கல்ல வந்தது மொத்தம் சுமார் 50,000 கோடி. நாலுல ஒரு பங்குக்கு மேல இந்த மூணு விற்பனையில வந்தது.

இதை ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல மாட்டேன். பக்கத்து பக்கத்து துறைமுகங்கள் ஒரே கையில இருந்தா, சரக்குக்காக ரெண்டும் போட்டி போடாம திட்டமிடலாம்ங்கிற வாதத்துல நியாயம் இருக்கு. 2011-ல உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி, இரும்புத் தாதுன்னு தூசி கிளப்பும் சரக்கு நிறுத்தப்பட்டு எண்ணூருக்கு நகர்ந்தது. ராயபுரம், பாரிமுனை வீடுகள்ல படிஞ்ச கரித்தூசி குறைஞ்சது, ஆனா அந்த சரக்கு வருமானமும் சென்னைத் துறைமுகத்துக்குப் போச்சு. எண்ணூரைக் கையில எடுத்துக்கிட்டா அது திரும்பும்.

ஆனா ஒரு முதலீட்டாளரா நீங்க பார்க்க வேண்டியது இது. பேப்பர்ல "விற்பனை"ன்னு வந்தது. நிர்வாகம் அரசுகிட்டதான் இருக்கு. தனியார் யாரும் வரல. "தனியார்மயம் ஆனா ஷேர் பறக்கும்"னு ஆபீஸ்ல பேசுறாங்களே, அந்தத் தனியார் இந்தக் கதையில எங்கே?

நிஜமாவே தனியாருக்கு விக்கிறேன்னு அரசு கிளம்பின கதையும் ஒண்ணு உண்டு. பாரத் பெட்ரோலியத்துல 52.98 சதவீதத்தை விக்க 2019 நவம்பர்ல அமைச்சரவை முடிவு எடுத்தது. ஷேர் 500 ரூபாயைத் தொட்டு நின்னது. "டேக்ஓவர் வரும், ஓப்பன் ஆஃபர் வரும்"னு எத்தனை பேர் வாங்கினாங்க! 2022 மே-ல விற்பனையே ரத்து. அப்போ ஷேர் 330 பக்கம். நடுவுல நல்ல டிவிடெண்ட் வந்தது உண்மைதான். ஆனா எந்தக் காரணத்துக்காக வாங்கினாங்களோ அந்தக் காரணமே நடக்கல. இந்தக் கம்பெனிகளோட எண்ணெய்க் கிடங்குகள் தண்டையார்பேட்டையில இருக்கிறதால, "எங்க ஏரியா கம்பெனி, எனக்குத் தெரியாததா"ன்னு நம்பினவங்களும் உண்டு. டேங்கர் லாரி வரிசையைத் தினமும் பார்க்கிறதால டெல்லியில எடுக்கிற முடிவு தெரிஞ்சுடாது.

ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்த நாடுகள்

"மக்கள் சொத்தை ஏன் விக்கணும், மக்களுக்கே ஷேராப் பிரிச்சுக் கொடுத்துடலாமே"ன்னு தோணும். எனக்கும் தோணியிருக்கு. அதைச் செஞ்சு பார்த்த நாடுகள் இருக்கு.

ரஷ்யா 1992-ல ஒவ்வொரு குடிமகனுக்கும் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள சீட்டு ஒண்ணு கொடுத்தது. அதை வெச்சு அரசு கம்பெனிகளோட ஷேர் வாங்கிக்கலாம். பொறுப்புல இருந்த சுபைஸ், ஒரு சீட்டோட மதிப்பு ரெண்டு வோல்கா காருக்குச் சமம்னு சொன்னார். அந்த வருஷம் விலைவாசி 2,500% ஏறியது. சம்பளமே ஒழுங்கா வராத குடும்பம் என்ன செய்யும்? சந்தையில நின்னு வாங்கினவங்ககிட்ட கிடைச்ச விலைக்குக் கொடுத்துட்டுப் போச்சு. சீட்டுகளைச் சேர்த்தவங்க கையில கம்பெனிகள் சேர்ந்தது. அப்புறம் 1995-ல இன்னும் பெரிய கூத்து: அரசுக்குக் கடன் கொடுத்த பேங்குகள், அடமானமா வந்த ஷேர்களையே எடுத்துக்கிட்டாங்க. உலகத்துலயே பெரிய நிக்கல் கம்பெனியோட 38% வெறும் 17 கோடி டாலருக்குக் கைமாறினது அப்படித்தான்.

செக்கோஸ்லோவாக்கியாவோட கதை சம்பளக்காரங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 1,000 கொருனா கட்டி கூப்பன் புத்தகம் வாங்கணும். ஒரு மாசச் சம்பளத்துல சுமார் கால்வாசி. எந்தக் கம்பெனியில போடறதுன்னு ஜனங்களுக்குத் தெரியல. அப்போ விக்டர் கோஜெனினு ஒரு இளைஞர் "ஹார்வர்டு"ங்கிற பேர்ல ஃபண்ட் ஆரம்பிச்சார். அமெரிக்காவுல இருக்கிற அந்த யூனிவர்சிட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. "உங்க கூப்பனை எங்ககிட்ட கொடுங்க, ஒரு வருஷமும் ஒரு நாளும் கழிச்சுப் பத்து மடங்கு தர்றோம்"னு டிவி முழுக்க விளம்பரம். லட்சக்கணக்கானவங்க கொடுத்தாங்க. ஃபண்ட்ல இருந்த சொத்து மெல்ல மெல்ல வெளியே போச்சு. கோஜெனி பஹாமாஸ் தீவுல போய் உட்கார்ந்துட்டார். பின்னாடி செக் கோர்ட் அவர் இல்லாமலே தண்டனை கொடுத்தது.

பேரைக் கேட்டா பெரிய இடம் மாதிரி இருக்கணும், தேதி போட்டு உறுதியான லாபம் சொல்லணும், "அரசுத் திட்டத்தோட சேர்ந்தது"ன்னு ஒரு வாசனையும் இருக்கணும். இந்த மூணும் சேர்ந்த விளம்பரத்தை நீங்க போன வாரம்கூட டெலிகிராம்ல பார்த்திருப்பீங்க.

அங்கே பிறந்த ஒரு வார்த்தை இன்னைக்கு உலகம் முழுக்கப் புழங்குது: "டனலிங்", அதாவது சுரங்கம் தோண்டுறது. கம்பெனியில பெரும்பான்மைப் பங்கு வெச்சிருக்கிறவர், கம்பெனியோட லாபத்தைத் தன்னோட இன்னொரு கம்பெனிக்குக் கடத்துறது. குறைஞ்ச விலைக்குத் தனக்கே வித்துக்கிறது, கூடுதல் விலைக்குத் தன்கிட்டயே வாங்க வைக்கிறது. சின்னப் பங்குதாரர் கையில ஷேர் இருக்கும், உள்ளே ஒண்ணும் இருக்காது. இங்கே நம்ம மணலிக்கு வருவோம். சென்னை பெட்ரோலியம் சுத்திகரிக்கிற பெட்ரோல், டீசல் பெரும்பாலும் இந்தியன் ஆயில் வழியாத்தான் சந்தைக்குப் போகுது. தாய் நிறுவனமே பெரிய வாடிக்கையாளர். அங்கே தப்பு நடக்குதுன்னு நான் சொல்லல. எங்கே பார்க்கணும்னு சொல்றேன். ஆண்டறிக்கையில "தொடர்புடையவர்களுடனான பரிவர்த்தனை"ன்னு ஒரு பகுதி இருக்கும். பெரும்பான்மை உரிமையாளர் யாரா இருந்தாலும், அரசோ தனியாரோ, அந்தப் பக்கங்களைப் படிக்காம ஷேர் வாங்காதீங்க.

குத்தகைக்கு விடுறதும் ஒரு வகை

வடசென்னையில உண்மையிலேயே தனியார் கைக்குப் போனது பெரும்பாலும் ஷேர் வழியா இல்ல, குத்தகை வழியா. சென்னைத் துறைமுகத்தோட கன்டெய்னர் டெர்மினல் 2001 நவம்பர்ல 30 வருஷ ஒப்பந்தத்துல பி அண்ட் ஓ நிறுவனத்துக்குப் போச்சு. வருமானத்துல சுமார் 37% துறைமுகத்துக்கு. நிலம் அரசுடையது, நடத்துறது தனியார். 2006-ல பி அண்ட் ஓவையே துபாயோட டிபி வேர்ல்டு வாங்கினதால, ராயபுரம் பக்கத்துல ஒரு கல்லுகூட நகராம நடத்துறவர் மாறிட்டார்.

குத்தகை எடுத்தவங்களுக்கெல்லாம் லாபம்தான்னு நினைச்சா, எண்ணூர் இரும்புத் தாது டெர்மினலைப் பாருங்க. சிகால் நிறுவனம் 400 கோடிக்கு மேல செலவு பண்ணிக் கட்டினது. கர்நாடகத் தாது ரயில்ல வந்து கப்பல்ல ஏறணும்ங்கிறது கணக்கு. 2010-ல கர்நாடக அரசு இரும்புத் தாது ஏற்றுமதியைத் தடுத்தது, 2011-ல பெல்லாரி சுரங்கங்களுக்கே உச்ச நீதிமன்றத் தடை. டெர்மினல் தயார், தாது இல்ல. வருஷக்கணக்கா சும்மா நின்னு, கடைசியில வேற கைக்குப் போய் நிலக்கரி டெர்மினலா மாறினது. சிகால் 2021-ல திவால் நடவடிக்கைக்குப் போச்சு. அதோட ஷேர் வெச்சிருந்த சின்ன முதலீட்டாளர்கள் நிலைமையை நான் விவரிக்கத் தேவையில்ல. திவால்ல கடன் கொடுத்தவங்க முதல் வரிசை, ஷேர் வெச்சிருக்கிறவங்க கடைசி வரிசை.

அதுக்கும் வடக்கே காட்டுப்பள்ளி. எல் அண்ட் டி தொடங்கின துறைமுகம், 2018-ல 97% பங்கை அதானி போர்ட்ஸ் 1,950 கோடிக்கு வாங்கினது. இங்கே அரசு எதையும் விக்கல, தனியார்கிட்ட இருந்து தனியாருக்கு. இதையும் சேர்த்து "துறைமுகத்தை வித்துட்டாங்க"ன்னு ஒரே வார்த்தையில பேசுறோம்.

இந்த டெர்மினல்கள்லயோ அவங்க காண்ட்ராக்டர்கள்கிட்டயோ வேலை பார்க்கிறவங்க நம்ம வாசகர்கள்ல நிறைய பேர். நடத்துறவர் மாறும்போது சம்பளச் சீட்டுல கம்பெனி பேர் மாறும். அந்த மாசமே பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பணம் கட்டியிருக்காங்களான்னு பாருங்க. பழைய சர்வீஸ் தொடருதுன்னு எழுத்துல வாங்குங்க. "அதெல்லாம் தானா வந்துடும்"னு ஹெச்ஆர் வாய்ல சொல்றது கிராஜுவிட்டி கணக்கு போடும்போது உதவாது.

80 ரூபாய் என்ன ஆச்சு?

சரி, ஃபிட்டர் அப்பாவோட 100 ஷேருக்கு வருவோம். 80 ரூபாய்க்கு வாங்கின ஷேர் 2020 மார்ச்ல 80-க்கும் கீழே! 26 வருஷம் கழிச்சுப் போட்ட விலைகூட இல்ல. அந்த நிதியாண்டுல கம்பெனிக்கு 2,000 கோடிக்கு மேல நஷ்டம். நல்ல வருஷங்கள்ல டிவிடெண்ட் வந்திருக்கும், அது தனி. ஆனா அவர் பணம் கட்டின 94-ல பிபிஎஃப்ல வட்டி 12% இருந்ததுங்கிறதையும் சேர்த்து நினைச்சுப் பாருங்க.

அதுக்கப்புறம் உக்ரைன் போர். கச்சா எண்ணெய்க்கும் டீசலுக்கும் நடுவுல இருக்கிற விலை வித்தியாசம் எகிறினது. 2022-23-ல லாபம் 3,500 கோடிக்கு மேல, ஷேருக்கு 27 ரூபாய் டிவிடெண்ட். அடுத்த வருஷம் 55 ரூபாய். 2024-ல ஷேர் 900-ஐத் தாண்டினது. 80-ல இருந்து 900-னா 30 வருஷத்துல வருஷத்துக்குச் சுமார் 8.4% வளர்ச்சி, டிவிடெண்ட் சேர்க்காம. ஷேர் பறந்தது நிஜம்தான். ஆனா அதுக்குக் காரணம் தனியார்மயம் இல்ல. உரிமையாளர் மாறவே இல்ல. சுத்திகரிப்பு லாபம் மாறினது. அது இறங்கினா ஷேரும் இறங்கும்.

பக்கத்துலயே மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். அதே மணலி, அதே அமோகோ, அதே இரான். 1997-ல 15 ரூபாய்க்கு மக்கள்கிட்ட ஷேர் வித்தாங்க. நஷ்டம் சேர்ந்து நலிவடைஞ்ச கம்பெனிப் பட்டியலுக்கே போச்சு. 2020-ல இந்த ஷேரும் 15-க்குக் கீழே இருந்த நாட்கள் உண்டு. ரெண்டு கம்பெனியிலயும் அரசு இருந்தது, ரெண்டும் "நம்ம ஊரு கம்பெனி". ஷேர் வாங்கினவங்க கதி மட்டும் வேற வேற.

55 ரூபாய் டிவிடெண்ட் வந்த நிதியாண்டுல இன்னொண்ணும் நடந்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் போச்சு. வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. எண்ணெய் சென்னை பெட்ரோலியம் வளாகத்துல இருந்து வந்ததா மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்துல சொன்னது. தம்பியோட மாமா எண்ணூர்ல படகு வெச்சிருக்கார். அப்பாவுக்கு 100 ஷேருக்கு 5,500 ரூபாய் பாத்தியதை, மாமாவுக்குப் பல நாள் தொழில் இல்ல. ஷேர் விலைப் பட்டியல்ல இந்த ரெண்டாவது கணக்கு வராது. வாங்குறதா வேண்டாமான்னு முடிவு பண்ணும்போது அதையும் யோசிக்கிறவங்க இருக்காங்க, அதை நான் பைத்தியக்காரத்தனம்னு நினைக்கல.

காகிதத்தை என்ன செய்யறது?

தங்கச்சி ஃபீஸ் ஒரு லட்சத்தைத் தொடாதீங்கன்னு மட்டும் உறுதியா சொன்னேன். அடுத்த வருஷம் தேவைப்படுற பணம் ஃபிக்ஸட் டெபாசிட்லயோ லிக்விட் ஃபண்ட்லயோ இருக்கட்டும். ஷேர்ல போடற பணம் 2020 மார்ச் மாதிரி ஒரு மாசத்தைத் தாங்கணும், காலேஜ் ஆபீஸ் அதுக்காகக் காத்திருக்காது.

பழைய காகித ஷேரை 2019 ஏப்ரல் 1-ல இருந்து காகிதமாவே இன்னொருத்தர் பேருக்கு மாத்த முடியாது. விக்கணும்னா முதல்ல டிமேட் ஆகணும். அப்பா பேர்ல டிமேட் கணக்கு திறக்கணும், ஆதார், பான்ல இருக்கிற பேரும் சர்டிபிகேட்ல இருக்கிற பேரும் ஒத்துப்போகணும். இன்ஷியல் மாறியிருந்தாலே அலைச்சல்தான். கம்பெனியோட ரிஜிஸ்ட்ராருக்கு ஃபோலியோ நம்பரைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, ஷேர் இன்னும் அப்பா பேர்ல இருக்கான்னு முதல்ல கேட்கச் சொன்னேன். ஏன்னா ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காம விட்டிருந்தா, டிவிடெண்டோட சேர்த்து ஷேரும் ஐஇபிஎஃப்ங்கிற அரசு நிதிக்கு மாறியிருக்கும். மாறியிருந்தாலும் போயிடாது. ஐஇபிஎஃப்-5 படிவம் போட்டுத் திரும்ப வாங்கலாம், அரசுக்குக் கட்டணம் கிடையாது. "மீட்டுத் தர்றோம், 20% கமிஷன்"னு வர்ற ஏஜென்ட்டுகளுக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

தம்பி கடிதம் போட்டுட்டார். அப்பாவோட கையெழுத்து 94-ல இருந்த மாதிரி இப்போ வரல, அதுக்கு பேங்க் மேனேஜர்கிட்ட அட்டெஸ்டேஷன் வாங்க அலைஞ்சுக்கிட்டு இருக்கார். உங்க வீட்டு பீரோலயும் மெட்ராஸ் ரிஃபைனரீஸ், மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ்னு ஏதாவது காகிதம் இருக்கான்னு இந்த ஞாயிற்றுக்கிழமை தேடிப் பாருங்க. கிடைச்சா ஃபோலியோ நம்பரை மட்டும் மறைச்சுட்டு கமெண்ட்ல சொல்லுங்க, டிமேட் பண்ற படிவங்களை அடுத்த வீடியோல ஒவ்வொண்ணா நிரப்பிக் காட்டுறேன்.